வீட்டுக்கு ஒருத்தர்

— தலையை ஆட்டாதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது. பாருங்க, காதுல வழிஞ்சிடுச்சு.

— காது கறுப்பா இருந்தா வேலை கிடையாதுன்னு சொல்லிடுவாங்களா?

— சொல்லுவாங்க. நரைச்ச தலையோட போனாக்கூட ஒருவேளை எடுத்துக்குவாங்க. சாயம் அடிச்சுக்கிட்டு வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சா அவ்வளவுதான். ஸ்டூலை இப்படி ஜன்னல் பக்கம் இழுத்துப் போடுங்க. பேப்பருக்கு மேல போடுங்க, தரையெல்லாம் கறையாயிடும்.

— என்ன நாத்தம் இது. பாய்லர் ரூம்ல மருந்து டிரம்மைத் திறந்தா இப்படித்தான் மூக்குல ஏறும். இருபத்திரெண்டு வருஷம் அதை மோந்தேன். அதுக்குச் சம்பளம் குடுத்தாங்க.

— இதை மோந்தாலும் குடுப்பாங்க, நாளைக்கு இன்டர்வியூ நல்லபடியா முடிஞ்சா. கண்ணை மூடுங்க, நெத்தியில எண்ணெய் தடவணும்.

— எண்ணெய் எதுக்கு?

— சாயம் தோல்ல பிடிக்காம இருக்க.

— இதெல்லாம் எங்க கத்துக்கிட்டே?

— குடோன்லதான். எங்க பெல்ட்டுல பாதிப் பேரு தலை சாயம்தான். சாப்பாட்டு நேரத்துல இதான் பேச்சு. எந்தக் கடை சாயம் வேர்வையில வழியாது, யாருக்கு எது ஒத்துக்கலை, எல்லாம் அத்துப்படி.

— அங்க வயசே கேக்க மாட்டாங்கன்னு சொன்னியே.

— கேக்க மாட்டாங்க. பாப்பாங்க.

— நான் கேக்குறேன், பெட்டியைத் தூக்கி பெல்ட்டுல வைக்கிறவனுக்கு முடி கறுப்பா இருந்தா என்ன, வெளுப்பா இருந்தா என்ன?

— இந்தக் கேள்வியை நாளைக்கு அங்க கேட்டு வெச்சுடாதீங்க சாமி. புண்ணியமாப் போகும். இப்ப எதுக்குக் குனியறீங்க?

— படிக்கிறேன். கீழ விரிச்சிருக்கியே, அதுல நம்ம ஊரைப் பத்திப் போட்டிருக்கான்.

— நம்ம ஊரைப் பத்தி என்ன இருக்கு போட?

— கேளு. "காகித ஆலை மூடலால் பாதிக்கப்பட்ட வட்டாரத்தில் வேலைவாய்ப்பு பழைய நிலைக்குத் திரும்பியது." படம் வேற வரைஞ்சிருக்கான். ஒரு கோடு சர்ருனு கீழ விழுந்து, கொஞ்சம் படுத்துக் கிடந்துட்டு, அப்புறம் மெல்ல மேல ஏறுது. ஏறி முடிக்கிற இடத்துல நீ ஒரு சொட்டு சாயம் விட்டிருக்கே.

— நிமிருங்க. பின்னாடி இன்னும் தடவவே இல்ல.

— மில்லுல எத்தனை பேரு இருந்தோமோ, அத்தனை பேருக்கு இப்ப வேலை இருக்காம். குடோன்ல இவ்வளவு, புதுசா வந்த லாண்டரியில இவ்வளவு, வண்டியில பொருள் கொண்டு போய்க் குடுக்கிறவங்க இவ்வளவு. கூட்டினா கணக்கு சரியா வருதாம்.

— வந்தா நல்லதுதானே.

— நான் கேக்குறேன், எல்லாருக்கும் வேலை வந்துடுச்சுன்னா, இந்த ஸ்டூல்ல உக்காந்திருக்கிறது யாரு?

— ஆரம்பிச்சாச்சு.

— நீ மத்த நாள்ல குடோன், ஞாயித்துக்கிழமை லாண்டரி. உன்னை ரெண்டு ஆளா எண்ணியிருப்பான். நம்ம எடைமேடைக்காரன் பகல்ல குடோன் கேட்டுல நிக்கிறான், சாயங்காலம் வண்டி ஓட்டுறான். அவனும் ரெண்டு. இப்படி எண்ணினா கணக்கு ஏன் சரியா வராது. இன்னும் அதிகமாவே வரணும்.

— எடைமேடைக்காரரை எங்க பாத்தீங்க?

— நேத்து, கடைத்தெருவுல. மில்லுக்கு வர்ற லாரியெல்லாம் அவன் மேடையில ஏறி இறங்கித்தான் என் பாய்லர் பக்கம் வரும். அத்தனை வருஷமும் ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்ல பாதிப் பாதி டீ குடிச்சிருக்கோம். "என்னப்பா"ன்னு கையைத் தூக்கினேன். பேயைப் பாத்தவன் மாதிரி பாத்தான். வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயே போயிட்டான்.

— ஏதாவது அவசரமா இருந்திருக்கும்.

— அவசரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேலை கிடைச்சவனுக்கு வேலை இல்லாதவனைப் பாத்தா பயம். தொத்திக்கும்னு பயம்.

— சரி விடுங்க. தலை முழுக்கத் தடவியாச்சு. இந்தப் பையை மாட்டிக்கோங்க, ஊறட்டும்.

— பிளாஸ்டிக் பையா?

— ஆமா. யாரு பாக்கப் போறா உங்களை. ஊறுறதுக்குள்ள இன்னொரு தரம் சொல்லிப் பாத்துடலாம். நான்தான் ஆபீஸர்.

— மறுபடியுமா?

— மறுபடியும்தான். காலையில கேட்டப்போ சண்டைக்கு வந்த மாதிரி பதில் சொன்னீங்க. ம். முன்னாடி எங்க வேலை பாத்தீங்க?

— இதே இடத்துலதான் சார். நீங்க நாற்காலி போட்டு உக்காந்திருக்கிற இடத்துலதான் எங்க தண்ணித் தொட்டி இருந்துச்சு. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, ஈரம் இருக்கும்.

— விளையாடாதீங்க. "பேப்பர் மில்லுல பாய்லர் ஆப்பரேட்டர் சார்." சொல்லுங்க.

— பேப்பர் மில்லுல பாய்லர் ஆப்பரேட்டர் சார்.

— ஏன் அந்த வேலையை விட்டீங்க?

— நான் எங்க விட்டேன். கடைசி நாள் ஊரே கேட்டுல நின்னு அழுதுக்கிட்டிருக்கு, நான் ஒருத்தன் மட்டும் உள்ள நிக்கிறேன். லைட்டை அணைக்கிற மாதிரி பாய்லரை அணைச்சுட்டுப் போக முடியாது. பிரஷர் கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கணும். முள்ளு பூஜ்யத்துக்கு வர்ற வரைக்கும் ஒத்தையா நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். வெளியில வந்தா கேட்டுல ஒருத்தரும் இல்ல. எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. மில்லை மூடினது முதலாளின்னு சொல்றாங்க. அவரு கையெழுத்துதான் போட்டாரு. மூடினது நான்.

— இதையெல்லாம் நாளைக்குச் சொல்லப் போறீங்களா?

— கேட்டா சொல்லுவேன்.

— "மில்லை மூடிட்டாங்க சார்." அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்.

— மில்லை மூடிட்டாங்க சார்.

— அதுக்கப்புறம் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?

— என்ன பண்ணேன்னு உனக்குத் தெரியாதா?

— எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து சுவத்தைப் பாத்துப் படுத்தவரு, மழைக்காலம் முடியிற வரைக்கும் எந்திரிக்கல. தட்டைக் கொண்டு வந்து பக்கத்துல வைப்பேன். திரும்பி வந்து அப்படியே எடுத்துக்கிட்டுப் போவேன். பாப்பா உங்க முதுகு மேல சாஞ்சுக்கிட்டு வீட்டுப்பாடம் எழுதுவா, அப்பவும் திரும்ப மாட்டீங்க. ஆபீஸருக்கு இதெல்லாம் தெரியாதுல்ல. "சின்னச் சின்ன ரிப்பேர் வேலை பாத்தேன் சார்"னு சொல்லுங்க.

— பொய்.

— அடுத்த வீட்டுக் குழாயைச் சரி பண்ணிக் குடுத்தீங்கல்ல?

— அது ஒரே ஒரு குழாய்.

— குழாய் குழாய்தான். உங்களைவிட வயசுல சின்னவங்க மேல சூப்பர்வைசரா இருப்பாங்க, பரவாயில்லையா?

— பரவாயில்லை சார்.

— முகத்தைப் பாத்தா பரவாயில்லைன்னு சொல்ற மாதிரி தெரியலையே.

— தலை எரியுது.

— கொஞ்ச நேரம் பொறுத்துக்கோங்க. வீட்டுல யாரு யாரு இருக்கீங்க?

— நான், என் சம்சாரம், ஒரு பொண்ணு.

— அதைச் சொல்லாதீங்க.

— எதை?

— ஒண்டி ஆளுன்னு சொல்லுங்க. ஒண்டி ஆளுன்னா எந்த ஷிஃப்ட் வேணும்னாலும் போடலாம். அவங்களுக்குப் பிடிக்கும்.

— கட்டின பொண்டாட்டி முன்னாடி நிக்கிறா. நான் ஒண்டியா?

— ஒரு பேச்சுக்குத்தானே.

— ஒரு பேச்சுக்குக்கூட எதுக்கு? நீ அங்கதான் வேலை பாக்குறேன்னு அவங்களுக்கே தெரியும். காலையில ரெண்டு பேரும் ஒண்ணாப் போவோம். "இவதான் என் சம்சாரம், உங்க பெல்ட்டுல நிக்கிறவ"ன்னு சொல்லுவேன். வேலை தெரிஞ்ச குடும்பம்னு நல்ல பேரு வரும்ல.

— நாம ஒண்ணாப் போகல. நான் முன்னாடியே போயிடுவேன். நீங்க உங்க நேரத்துக்கு வாங்க.

— ஏன்?

— ஏன்னா... வீட்டுக்கு ஒருத்தர்னு சொல்லியிருக்காங்கல்ல.

— அதான் தளர்த்திட்டாங்களே. ஆள் பத்தலைன்னு தளர்த்திட்டாங்கன்னு நீதானே வந்து சொன்னே. இல்லைன்னா என்னை எதுக்குக் கூப்பிடுறான்? நானா ஒண்ணும் போய் நிக்கல, அவங்களாத்தான் ஃபோன் பண்ணாங்க. என் சர்வீஸை யாரோ எடுத்துச் சொல்லியிருக்காங்க. அங்க தண்ணி சூடு பண்ண ஒரு சின்ன பாய்லர் வருதுன்னு கேள்விப்பட்டேன். அதுக்காகத்தான் இருக்கும்.

— இருக்கும்.

— என்ன, சுரத்தே இல்லாம சொல்றே?

— ஏஜெண்ட் திரும்பக் கூப்பிட்டாரா?

— காலையில கூப்பிட்டான். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லணுமாம். இல்லைன்னா அடுத்த ஆளைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவானாம். ரெண்டு வருஷம். நடுவுல ஊருக்கு வர்ற பேச்சே கிடையாது.

— கப்பல் உடைக்கிற இடம்தானே?

— அங்கதான்.

— நம்ம மில் லேத்காரர் அங்கதான் போனாரு. ஒரு கையோட வந்து இறங்கினாரு.

— எல்லாருக்கும் அப்படியா ஆகும்.

— நீங்க போக வேண்டாம். நாளைக்கு இது கிடைச்சுட்டா அந்தப் பேச்சையே விட்டுடலாம்.

— கிடைக்கலைன்னா?

— கிடைக்கணும். அதுக்குத்தான் சொல்றதைக் கேளுங்கன்னு கெஞ்சுறேன். ஒண்டி ஆளுன்னு சொல்லுங்க. என்னோட சேர்ந்து வராதீங்க. அங்க என்னைப் பாத்தா ரொம்பப் பேசாதீங்க.

— உனக்கு வெக்கமா இருக்கு.

— என்ன?

— வேலை இல்லாதவன் உன் புருஷன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா வெக்கமா இருக்கு. நான் ஒண்ணும் கவனிக்காம இல்ல. அன்னைக்கு மழைன்னு குடையை எடுத்துக்கிட்டு கேட்டு வரைக்கும் வந்தேன். எப்படி முகத்தைக் கடுகடுன்னு வெச்சிருந்தே. குடையைப் பிடுங்கிக்கிட்டு "போங்க போங்க"ன்னே. நான் நனைஞ்சுக்கிட்டு வந்தேன்.

— அதுக்கு இல்லைங்க.

— உன் மெட்டி எங்க? வேலைக்குப் போக ஆரம்பிச்சதுலேர்ந்து அந்த மெட்டியை உன் கால்ல நான் பாக்கல.

— கேட்டுல மெஷின் வெச்சிருக்காங்க. உலோகம்னா கத்தும்.

— எடைமேடைக்காரன் சம்சாரமும் உன் பெல்ட்டுலதானே நிக்கிறா. அவ கால்ல இருக்கே, அவளுக்கு மட்டும் மெஷின் கத்தாதா?

— அவ அவங்க அம்மா வீட்டு அட்ரஸ்ல சேர்ந்திருக்கா. அது வேற கதை.

— நான் என்ன கேக்குறேன், நீ என்ன சொல்றே. தண்ணி ஊத்து. கழுவிடு. சாயமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அந்த ஃபோனை எடு, ஏஜெண்டுக்குச் சரின்னு சொல்லிடுறேன். ரெண்டு வருஷம் நான் கண்ணுல படாம இருந்தா உனக்கும் நிம்மதி.

— உக்காருங்க.

— விடு கையை.

— உக்காருங்கன்னு சொல்றேன்ல. அங்க எனக்குப் புருஷன் கிடையாது.

— என்ன சொன்னே?

— குடோன்ல ஆள் எடுத்த அன்னைக்கு மில் மைதானம் முழுக்கக் கூட்டம். நீங்க இங்க படுத்துக் கிடந்தீங்க. நான் விடியறதுக்கு முன்னாடி போயி நின்னேன். வரிசை மில் சுவத்தைச் சுத்திப் போயி, பின்பக்க ரோட்டுல நிக்குது. வெயில் ஏறிப் போச்சு, வரிசை ஒரு அடிகூட நகரல. அப்போ ஒருத்தர் மைக்குல சொல்றாரு. வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான் வேலை. அதுலேயும் ஆம்பளைத் துணை இல்லாத வீட்டுக்கு முதல்ல. புருஷன் தவறிப்போனவங்க இந்தப் பக்கம் தனியா வாங்கன்னு.

— நீ போயிட்டே.

— அந்தப் பக்கம் கொஞ்சம் பேருதான் நின்னாங்க. என் கால் தானா போச்சு. முன்னாடி ஒரு மேஜை, அதுல இப்போ என் சூப்பர்வைசரம்மா இருக்காங்களே, அவங்க. "எப்பம்மா?"ன்னு கேட்டாங்க. "மில் மூடினப்போ"ன்னேன். "எப்படி"ன்னாங்க. "திடீர்னு"ன்னேன். அழுதுட்டேன்.

— அழுதியா?

— நிஜமாவே அழுதேங்க. நடிப்பு இல்ல. அந்தம்மா எழுந்து வந்து என் தோளைப் பிடிச்சாங்க. எனக்குப் பொய் சொல்ற மாதிரியே இல்ல அப்போ.

— உயிரோட இருக்கிறவனை.

— நீங்க அப்போ உயிரோட இருந்த மாதிரியா இருந்தீங்க? கூப்பிட்டா திரும்பலை. தொட்டா திரும்பலை. பாப்பா ஒருநாள் வந்து கேக்குறா, "அம்மா, அப்பா மூச்சு விடுறாரா பாரேன்"னு. வேற என்ன பண்ணச் சொல்றீங்க என்னை.

— பேப்பர்ல போட்டது சரிதான்.

— எது?

— வேலை இல்லாதவங்க குறைஞ்சுட்டாங்கன்னு போட்டிருக்கானே. குறையத்தானே செய்யும். ஒருத்தன் செத்துப் போயிட்டான்.

— அப்படிப் பேசாதீங்க.

— நீ பேசலாம், நான் பேசக் கூடாதா. அங்க எல்லாருக்கும் தெரியுமா?

— தெரியும். அதான் எனக்கு நைட் ஷிஃப்ட் போடுறதில்ல. ஃபேனுக்குக் கீழ இடம் குடுத்திருக்காங்க. பாப்பாவுக்குன்னு யாராவது பென்சில், ரிப்பன்னு குடுத்து அனுப்புவாங்க. சாப்பாட்டு நேரத்துல உங்களைப் பத்திக் கேப்பாங்க.

— என்ன சொல்லுவே?

— நல்லவருன்னு சொல்லுவேன். ஒரு நாளும் கை ஓங்கினது இல்லைன்னு. மில்லு மில்லுன்னு உயிரை விட்டாருன்னு. சிரிக்கச் சிரிக்கப் பேசுவாருன்னு.

— என்கிட்ட ஒருநாளும் இதெல்லாம் சொன்னதில்லையே நீ.

— நீங்க கேட்டதில்ல. அவங்க கேக்குறாங்க.

— நம்ம மில் ஆளுங்க எத்தனை பேரு அங்க இருக்காங்க. ஒருத்தன்கூடவா வாயைத் திறக்கல?

— யாரு திறப்பா. எடைமேடைக்காரரு வயசைப் பத்துக் குறைச்சுக் குடுத்திருக்காரு. அவரு சம்சாரத்தோட கதை சொன்னேனே. மில்லுல கணக்கெழுதின தம்பி படிச்சதை மறைச்சுட்டு மூட்டை தூக்குறான், படிச்சவன்னா எடுக்க மாட்டாங்கன்னு. அவங்க கதை எனக்குத் தெரியும், என் கதை அவங்களுக்குத் தெரியும். உங்களைத் தெருவுல பாத்தா என்ன பேசுறதுன்னு தெரியாம ஒதுங்கிப் போறாங்க, அவ்வளவுதான்.

— அதான் அப்படி ஓடினானா அவன்.

— ஆமா.

— இரு. இரு. எனக்குப் புரியல. நான் செத்தவன்னா நாளைக்கு யாரைக் கூப்பிட்டிருக்காங்க?

— குடை கொண்டு வந்தீங்கல்ல.

— ஆமா.

— சூப்பர்வைசரம்மா கேட்டுலதான் நின்னாங்க. "யாரும்மா அது, மழையில இவ்வளவு தூரம் வந்திருக்காரு"ன்னு கேட்டாங்க. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்.

— என்னன்னு?

— அண்ணன்னு.

— யாருக்கு அண்ணன்?

— எனக்குத்தான். நம்பிட்டாங்க. "அப்படியே உன் ஜாடை"ன்னு வேற சொன்னாங்க. கூட இருந்து இருந்து அப்படி ஆயிடுச்சு போல. அப்புறம் அவங்களாவே, "அண்ணனுக்கு வேலை இருக்கா"ன்னாங்க. மில்லுல இருந்தாருன்னேன். "அண்ணன்னா வேற வீடுதானே, வரச் சொல்லு, நான் ஆபீஸர்கிட்டச் சொல்றேன்"னாங்க. அதுக்கப்புறம்தான் உங்களுக்கு ஃபோன் வந்துச்சு.

— அப்போ என் சர்வீஸு?

— அதை யாரும் பாக்கலைங்க.

— பாய்லரு?

— பாய்லரெல்லாம் ஒண்ணும் வரல. பெட்டி இறக்குற வேலைதான்.

— சரி.

— கோபமா?

— கோபப்பட்டு என்ன ஆகப் போகுது. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. நாளைக்கு நான் போய் உண்மையைச் சொன்னா?

— என் வேலை போயிடும். உங்களுக்கும் கிடையாது.

— போகாமலே இருந்துட்டா?

— ஞாயித்துக்கிழமை ஏஜெண்ட்.

— செத்தவனா இருந்துட்டா ரெண்டு பேருக்கும் உண்டு.

— உண்டு.

— அட்ரஸ்?

— எடைமேடைக்காரரு வீட்டு மாடின்னு சொல்லியிருக்கேன். அவரு சரின்னுட்டாரு. உங்க கார்டுல மில் குவார்ட்டர்ஸ் அட்ரஸ்தானே இருக்கு, அதான் இடிச்சுத் தள்ளியாச்சே. எல்லார் கார்டுலேயும் அதே அட்ரஸ்தான், யாரும் பாக்க மாட்டாங்க. செத்தவரு பேரையும் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. வீட்டுக்காரருன்னுதான் சொல்லியிருக்கேன்.

— எல்லாத்தையும் யோசிச்சு வெச்சிருக்கே.

— ராத்திரியெல்லாம் அதுதான் வேலை எனக்கு.

— பாப்பா?

— வருஷத்துல ஒருநாள் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுவாங்க. கேக்கும் பலூனும் குடுப்பாங்க. அன்னைக்கு ஒருநாள் மட்டும் உங்களை மாமான்னு கூப்பிடச் சொல்லிடலாம். விளையாட்டுன்னு சொல்லிக்கலாம்.

— அவ கெட்டிக்காரி. விளையாட்டு இல்லைன்னு தெரிஞ்சுக்குவா.

— தெரிஞ்சுக்குவா. தெரிஞ்சுக்கிட்டும் கூப்பிடுவா.

— எங்க, நீ ஒருதரம் கூப்பிடு.

— என்னன்னு?

— நாளைக்கு என்னன்னு கூப்பிடுவியோ, அப்படி.

— வேண்டாங்க.

— கூப்பிடு. அங்க போய் வாய் தடுமாறி "என்னங்க"ன்னுட்டா எல்லாம் போச்சு. என்னைச் சொல்லிப் பாருன்னு உயிரை வாங்கினியே, இப்ப நீ சொல்லிப் பாரு.

— முகத்தைப் பாத்துக்கிட்டுச் சொல்ல வரலை.

— சரி, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.

— சுவத்தைப் பாக்காதீங்க. எனக்கு அது பிடிக்கல. ஜன்னலைப் பாருங்க.

— பாத்தாச்சு. சொல்லு.

— அண்ணே.

— சத்தமா. அங்க பெல்ட் ஓடுற சத்தத்துல இது யாருக்குக் கேக்கும்.

— போதுங்க. என்னால முடியல.

— சரி, விடு. தலையைக் கழுவு. எரிச்சல் தாங்கல.

— குனியுங்க. கண்ணை இறுக்கி மூடிக்கோங்க. தண்ணி சூடா இருக்கா?

— இருக்கட்டும். கறுப்பாப் போகுது பாரு, மில் வாய்க்கால் மாதிரி.

— அது மிச்சச் சாயம். போயிடும். இந்தாங்க துண்டு. நிமிருங்க, பாப்போம்.

— எப்படி இருக்கு?

— நல்லா இருக்கு.

— கண்ணாடியைக் குடு. ம். யாரோ மாதிரி இருக்கேன்.

— கல்யாணத்தன்னைக்கு இருந்த மாதிரி இருக்கீங்க.

— அழாதே.

— அழலை. மருந்து நாத்தம் கண்ணுல ஏறிடுச்சு. காதுல மட்டும் கொஞ்சம் கறை போகலை. எலுமிச்சம்பழம் வெச்சுத் தேய்ச்சா போயிடும்.

— தேய்ச்சுக்கலாம். உக்காரு. எந்தக் கேள்வியைக் கேட்டா நான் மாட்டிக்குவேனோ, அதை இப்பவே கேட்டுடு.

— ஒண்ணே ஒண்ணு இருக்கு. சூப்பர்வைசரம்மா ஆபீஸர்கிட்ட எல்லாத்தையும் சொல்லி வெச்சிருக்காங்க. அவரு கண்டிப்பாக் கேப்பாரு. அதுதான் எனக்கு ராத்திரியெல்லாம் பயம்.

— கேளு.

— உங்க தங்கச்சி இங்க நல்லா வேலை பாக்குறாங்க. பாவம், சின்ன வயசு. அவங்க வீட்டுக்காரருக்கு என்னப்பா ஆச்சு?

— அவரும் மில்லுலதான் இருந்தாரு சார். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பாய்லர். ராத்திரி ஷிஃப்ட் நான், பகல் ஷிஃப்ட் அவரு. கடைசி நாள் அதை அணைச்சது அவருதான். முள்ளு பூஜ்யத்துக்கு வர்ற வரைக்கும் ஒத்தையா நின்னு பாத்துட்டு வீட்டுக்கு வந்தாரு. சுவத்தைப் பாத்துப் படுத்தாரு சார். அப்புறம் எந்திரிக்கவே இல்ல.